ஐஸ்கிரீம் டப்பாவில் திருநீறு

எங்கள் வீட்டில் சமையலறை மனைவியின் ஆட்சி. டிவி ரிமோட்டும் அப்படியே. எனக்கென்று கிடைத்த ஒரே இலாகா வாஷிங் மெஷின்தான். பிரிக்பீல்ட்ஸில் பதினோராவது மாடி வீடு, சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் சின்ன யார்டு, அதன் மூலையில் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்த மெஷின். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதன் எதையாவது நிர்வாகம் செய்தாக வேண்டும், நான் இதைச் செய்தேன். எந்த பட்டன், எவ்வளவு சோப்பு, எப்போது வாசனைத் திரவம், எல்லாம் நான் வைத்ததுதான் சட்டம். மெஷினோடு வந்த கையேட்டை வாசித்ததும் நான் ஒருவன்தான். முதல் நான்கு பக்கம். அதற்கு மேல் எல்லாம் சீனத்தில் இருக்கிறது என்று மனைவியிடம் சொல்லிவைத்திருந்தேன்.

இப்படி ராஜ்யம் நடந்துகொண்டிருந்தபோதுதான் அண்ணி எங்களோடு வந்து சேர்ந்தார்.

அண்ணன் தவறி அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கிள்ளானில் இருந்த வாடகை வீட்டை வீட்டுக்காரர் திருப்பிக் கேட்டதும், "எங்களோட வந்து இருங்க அண்ணி, இது உங்க வீடு" என்று கூப்பிட்டவன் நான். மனசாரத்தான் கூப்பிட்டேன். அண்ணி உடனே தலையாட்டவில்லை.

"மூணு மாசம் இருந்து பார்க்குறேன் தம்பி. சரிவரலன்னா கிள்ளான்லயே ஒரு ரூம் பார்த்துக்குறேன். யாருக்கும் மனசு கஷ்டம் வேணாம்" என்றார்.

அதனால் தன்னுடைய பெரிய பெட்டியை அவர் முழுக்கப் பிரிக்கவே இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸிப் பாதி திறந்தபடி அது நிற்கும். அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் நான் ஸிப்பைத்தான் பார்ப்பேன். நேற்றைவிட நாலு விரல் அதிகமாகத் திறந்திருந்தால் எனக்கு அன்று சாப்பாடு கூடுதலாக இறங்கும்.

அவர் வந்து மூன்றாவது வாரம் என் வெள்ளைச் சட்டையில் அந்தத் துணுக்குகளைப் பார்த்தேன். சாம்பல் நிறம், கடுகளவு. விரலால் தேய்த்தால் மாவு மாதிரி இழுத்துக்கொண்டு போகும். மனைவி வேலைக்குக் கட்டிக்கொண்டு போகும் வெளிர் சேலையில் அங்கங்கே ரோஸ் நிறத்தில் ஒரு தீற்றல். இது போதாதென்று மெஷின் கதவைத் திறந்தால் மழையில் நனைந்த நாய் ஒன்று உள்ளே படுத்திருப்பது போல ஒரு வாடை.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு மூன்று வேளையும் சோறு போட்டு வளர்ப்பேன்.

முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். நம் ஊரில் தண்ணீர் நின்று திரும்ப வந்தால் முதல் அரைமணி நேரம் டீத்தண்ணியாகத்தானே வரும்? குழாயின் வாயில் வெள்ளைத் துணி கட்டி ஒரு வாரம் வேவு பார்த்தேன். துணி கட்டியபோது இருந்தது போலவே வெள்ளையாக இருந்தது. அடுத்து மேல் மாடி ஆன்டி. பாயை உதறி எங்கள் கொடியில் தூசியைத் தள்ளுகிறாரோ என்று இரண்டு நாள் யார்டில் நின்று மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆன்டி வீட்டிலேயே இல்லை, அம்பாங்கில் மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது என்று பிறகு தெரிந்தது. எனக்குக் கழுத்து வலி மிச்சம்.

அப்புறம்தான், யாரும் சொல்லிக் கொடுக்காமலே, என் பார்வை அண்ணியின் கைத்தறிச் சேலைகள் மேல் போனது.

அண்ணி சேலைக்குக் கஞ்சி போடுகிறவர். சவ்வரிசியைக் காய்ச்சி, வடிகட்டி, வாளியில் கரைத்து, சேலையை முக்கி எடுத்து உதறினால் படபடவென்று அட்டை மாதிரி நிற்கும். கஞ்சி என்றால் மாவு. மாவு என்றால் துணுக்கு. அவரிடம் ஒரு அரக்குச் சிவப்புச் சேலையும் இருந்தது. சிவப்பு என்றால் ரோஸ் தீற்றல். எல்லாம் எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது பாருங்கள்! அவர் வருவதற்கு முன் இந்தத் தொல்லை இருந்ததா? இல்லை. வந்த பிறகு? இருக்கிறது. போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவன் நான் என்று எனக்கே தோன்றியது.

விசாரணையை ரகசியமாகத் தொடங்கினேன். சோப்புப் புட்டியில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டேன். அண்ணி துணி போடும் நாளில் நாற்காலியை இழுத்துப்போட்டு மெஷின் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

"என்ன தம்பி, சீரியலா?" என்றார் அண்ணி.

"சும்மா அண்ணி. சத்தம் ஒரு மாதிரி இருக்கு. அதான் கவனிக்கிறேன்."

"கதை நல்லா போகுதா?"

"இப்போதான் உங்க அரக்கு சேலை வந்துச்சு" என்றேன். வாய் கொஞ்சம் அதிகம்தான் எனக்கு. அண்ணி சிரித்தார். அவர் அப்படிச் சிரித்தது அந்த மாதம் அதுதான் கடைசி.

மறுநாள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த அவருடைய சேலையின் முந்தானையை மூக்கில் வைத்துக் கஞ்சி வாடை வருகிறதா என்று இழுத்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் அண்ணி.

"தம்பி?"

"சோப்பு நல்லா போயிருக்கான்னு பார்த்தேன் அண்ணி."

"போயிருக்கா?"

"போயிருக்கு."

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மாட்டிக்கொண்டவன் கேள்வி கேட்டால்தான் கௌரவம் என்று நினைத்து, "ஏன் அண்ணி, கஞ்சி போட்ட சேலையை மெஷின்ல போடுறீங்களோ?" என்றேன்.

"கஞ்சி வாளியிலதான் தம்பி போடுறேன். மெஷின்ல துவைச்சு எடுத்த பிறகு."

"ஆனா அடுத்த வாரம் அதே சேலை திரும்ப மெஷினுக்குள்ளதானே வருது? அப்போ அதுல இருக்கிற கஞ்சி எங்க போகும்?"

வக்கீல் மாதிரி கேட்டுவிட்டேன் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை வேறு. அண்ணி கொடியிலிருந்து சேலையை எடுத்து, முனைக்கு முனை பொருத்தி மடித்து, அதைக் கையில் ஏந்திக்கொண்டு உள்ளே போனார். அன்று சாயங்காலம் கீழே கடைக்குப் போய் ஒரு சிவப்பு வாளி வாங்கி வந்தார். மறுநாளிலிருந்து அவர் துணியை அவர் குளியலறையில் கையால் துவைத்தார். கும்கும் என்று கேட்கும். கேட்கும்போதெல்லாம் நான் டிவியில் சத்தத்தைக் கூட்டினேன்.

"ஏங்க, அக்கா ஏன் கையில துவைக்கிறாங்க?" என்று மனைவி கேட்டாள்.

"அவங்களுக்கு அதுதான் பழக்கமாம்."

"கிள்ளான்ல மெஷின் வச்சிருந்தாங்களே?"

"அது வேற மெஷின்" என்றேன். இதற்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

பெட்டியின் ஸிப் நாலு விரல் மூடியிருந்தது.

கவனியுங்கள், அண்ணி மெஷினைத் தொடுவதை நிறுத்திய பிறகும் துணுக்குகள் நிற்கவில்லை. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். நானோ, பழைய கஞ்சி உள்ளே ஒட்டியிருக்கிறது, அதுதான் உதிர்கிறது என்று தீர்ப்பு எழுதி வழக்கை மூடினேன்.

வழக்கைத் திரும்பத் திறந்தது மெஷின்தான். ஒரு புதன்கிழமை காலை மனைவி வேலைக்குப் போய்விட்டாள், அண்ணி காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தார். மெஷின் பாதித் துவையலில் நின்று, வயிறு நிறையத் தண்ணீரோடு கீ கீ என்று கத்தியது. கிள்ளானில் அண்ணனுக்குப் பழக்கமான மெக்கானிக் தம்பி ஒருவரின் நம்பர் என்னிடம் இருந்தது. போன் போட்டேன்.

"அண்ணே, நான் டெங்கில் பக்கம் ஒரு வேலையா இருக்கேன், இன்னைக்கு வர முடியாது லா. மெஷின்ல கீழ வலது பக்கம் சின்னக் கதவு ஒண்ணு இருக்கும் பாருங்க. அதுக்குள்ளதான் ஃபில்டர். கடைசியா எப்போ கழுவுனீங்க?"

"இதுல ஃபில்டர் இருக்கா?"

அந்தப் பக்கம் ஸ்பேனர் ஒன்று கீழே விழும் சத்தம் கேட்டது.

"மெஷின் வாங்கி எத்தனை வருஷம்ணே?"

"ஆறு."

"ஆறு வருஷமா கழுவவே இல்லியா?"

"வெளியில நல்லா துடைப்பேன்."

"சரி. திறக்குறதுக்கு முன்னாடி பக்கத்துல ஒரு சின்ன டியூப் இருக்கும், மொதல்ல அத இழுத்து…"

"மீதி எனக்குத் தெரியும்" என்று போனை வைத்துவிட்டேன். அந்த டியூப் எதற்கு என்பது ஃபில்டரைத் திருகிக் கழற்றிய அடுத்த நொடி தெரிந்தது. உள்ளே இருந்த தண்ணீரையெல்லாம் முதலில் அந்த டியூப் வழியாக வடிக்க வேண்டுமாம். வடிக்காவிட்டால் அது வேறு வழியாக, அதாவது என் மடி வழியாக, சமையலறை வரைக்கும் போகும்.

தண்ணீர் வடிந்த பிறகு ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கஞ்சியை எதிர்பார்த்தேன். அண்ணியின் கஞ்சி. கையும் களவுமாக!

ஆனால் அது சாம்பல் நிறக் களி. நடுவில் சிவப்புக் கோடுகள். நசுங்கிய காகிதக் கூழ். முகர்ந்தேன். நாற்றத்தையும் மீறி எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வாசனை வந்தது. கோயில் வாசனை. திருநீறும் குங்குமமும். களிக்கு நடுவே சின்னப் பிளாஸ்டிக் பை ஒன்று, வாய் மூடியபடி முழுசாக இருந்தது. அதற்குள் திருநீறு. திருநீற்றைச் சுற்றி மடித்திருந்தது ஒரு நம்பர் டிக்கெட், லாட்டரிச் சீட்டு. எழுத்து அழியவில்லை. நான்கு எண்கள், தெளிவாக.

என் நம்பர்.

இங்கே நான் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். நம்பர் எடுப்பதை விட்டுவிட்டேன் என்று பல வருஷங்களுக்கு முன்பே மனைவியிடம், சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்லியிருந்தேன். விட்டும் இருந்தேன். அண்ணி கிள்ளான் வீட்டைக் காலி செய்த அன்று, அண்ணனின் பழைய காரை இரும்புக் கடைக்கு லோரியில் ஏற்றினார்கள். லோரி திரும்பும்போது கடைசியாகக் கண்ணில் பட்டது அந்தக் கார் நம்பர். தெருமுனை வரை லோரிக்குப் பின்னாலேயே நடந்தேன். அந்த நடையிலேயே நேராக நம்பர் கடைக்குப் போய்விட்டேன். இதைத் துக்கம் என்பதா, கொழுப்பு என்பதா, எனக்குத் தெரியாது. அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அதே நம்பர். டிக்கெட்டை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போவேன், ஐயர் கொடுக்கும் திருநீற்றையும் குங்குமத்தையும் அந்த டிக்கெட்டிலேயே கொட்டி மடித்துச் சட்டைப் பாக்கெட்டில் வைப்பேன், மழை நாளென்றால் சின்னப் பிளாஸ்டிக் பையில் போட்டு. ராசிக்கு. மறுநாள் காலை போனில் பார்ப்பேன், அடித்திருக்காது. அடித்திருந்தால் பாக்கெட்டைத் தேடியிருப்பேன். அடிக்காத டிக்கெட்டை யார் தேடுவார்கள்? சட்டையோடு அது மெஷினுக்குப் போயிற்று. அண்ணி வந்த பிறகுதான் துணுக்கு வந்தது என்று கண்டுபிடித்த போலீஸ்காரனுக்கு, அண்ணி வந்த நாளில் தான் எங்கே போனான் என்பது மட்டும் ஞாபகத்தில் இல்லை.

யாரும் வீட்டில் இல்லை. தடயத்தை அழிப்பதுதான் அடுத்த வேலை. குப்பைத்தொட்டியைத் திறந்தேன். திருநீறு! எப்படிக் குப்பையில் போடுவது? கழிவறையில் கொட்டுவதை நினைத்ததற்கே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மரத்தடியில்தான் போட வேண்டும். கீழே கார் நிறுத்துமிடத்தில் ஒரு வேப்பமரம் உண்டு, ஆனால் அதனடியில் செக்யூரிட்டி அங்கிள் பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பார், கையில் என்ன என்று கேட்பார், பிறகு ஊருக்கே சொல்வார். ஆக எல்லாக் களியையும் ஒரு காலி ஐஸ்கிரீம் டப்பாவில் வழித்துப் போட்டு, பிளாஸ்டிக் பையையும் மேலே வைத்து மூடி, சோப்புப் புட்டிகளுக்குப் பின்னால் ஒளித்தேன். நம் வீடுகளில் ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் ஐஸ்கிரீம் இருக்கும் என்று யாரும் நம்பமாட்டார்கள். நெத்திலிக் கருவாடு என்று நினைத்து விட்டுவிடுவார்கள்.

பிறகு கையேட்டை எடுத்துப் பார்த்தேன். நாற்பது பக்கம் ஆங்கிலத்திலேயே இருந்தது. அதில் சொன்னபடி மெஷின் வாய் ரப்பர் வளையத்தை மடக்கிப் பார்த்தால் உள்ளே கறுப்புப் பூஞ்சை வளையமாகப் படிந்திருந்தது. நாய் அங்கேதான் படுத்திருந்தது. துவைத்து முடித்ததும் கதவைத் திறந்துவைக்க வேண்டுமாம், நான் பல்லி நுழையும் என்று ஆறு வருஷம் இறுக்கி மூடியவன். பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தேன். சோப்புத் தட்டைக் கழற்றினேன், நான் இரண்டு மடங்கு ஊற்றிய வாசனைத் திரவம் வெண்ணெயாக உறைந்திருந்தது. வினிகர் ஊற்றி, துணியில்லாமல் சுடுதண்ணீரில் ஒரு சுற்று ஓட்டினேன். அண்ணி பாசாரிலிருந்து திரும்பும்போது தரையைக்கூடத் துடைத்து முடித்துவிட்டேன். "மெஷின் கொஞ்சம் கக்கிடுச்சு அண்ணி" என்றேன். அவர் பாசார் பையை மேசையில் வைத்துவிட்டு அறைக்குப் போனார்.

அடுத்த துவையல் பளீரென்று வந்தது. அதுதான் வினை.

சாயங்காலம் மனைவி என் சட்டையை விரித்துப் பிடித்தாள். "அட! ஒரு துணுக்கு இல்ல, வாடை இல்ல. என்ன பண்ணீங்க?"

ஃபில்டர் என்று சொன்னால், ஃபில்டரில் என்ன இருந்தது என்று கேட்பாள். "ஒண்ணும் பண்ணல" என்றேன்.

"ஒண்ணும் பண்ணாம எப்படி? இப்போ புதுசா என்ன மாறியிருக்கு? அக்கா துணி மட்டும்தான் போடலை. அப்போ அவங்க சேலைக் கஞ்சிதானா…"

பேச்சை அங்கேயே விழுங்கினாள். சமையலறை வாசலில் அண்ணி மூன்று கப் டீயோடு நின்றுகொண்டிருந்தார். தட்டை மேசையில் வைத்தார். "சீனி கம்மியா இருந்தா போட்டுக்கோங்க" என்றார். அவர் கப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அறைக்குப் போனார்.

மறுநாள் காலை கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளான் போனார். மத்தியானம் வந்து, பாசாருக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல ரூம், தெரிந்தவர்கள் வீடு, ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். மனைவி என்னைப் பார்த்தாள். நான் காலண்டரைப் பார்த்தேன்.

சனிக்கிழமை டீ நேரம். அண்ணி சிவப்பு வாளிக்குள் சோப்பு, துணி கிளிப், கஞ்சி வடிகட்டும் துணி எல்லாவற்றையும் அடுக்கி எடுத்துவந்து வாசலில் வைத்தார். பெட்டி முழுசாக மூடியிருந்தது. எதற்கோ திரும்பியவர், "தம்பி, நான் போனதும் மெஷினை வெறுந்தண்ணியில ஒருதரம் ஓட விட்டுடுங்க. என் கஞ்சி ஏதாச்சும் ஒட்டியிருந்தா போயிடும். தெரியாம பண்ணிட்டேன்" என்றார்.

தெரியாமல் பண்ணிவிட்டாராம்!

நான் எழுந்து யார்டுக்குப் போனேன். டப்பாவைக் கொண்டுவந்து மேசை நடுவில் வைத்துத் திறந்தேன்.

"என்னங்க இது, நெத்திலி சம்பலா?" என்று எட்டிப் பார்த்த மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஃபில்டர்ல இருந்துச்சு. கஞ்சி இல்ல. திருநீறு. நான் பாக்கெட்ல வச்சது." பிளாஸ்டிக் பையைப் பிரித்து டிக்கெட்டையும் வைத்தேன்.  அதிலிருந்த தேதியைப் பார்த்ததும் மனைவிக்கு விஷயம் முழுசாகப் புரிந்துவிட்டது.

"நம்பரை விட்டுட்டேன்னு சாமி முன்னாடி சொன்னீங்க."

"சொன்னேன்."

"அதே சாமி திருநீறையே அதுக்குள்ள மடிச்சு வச்சிருக்கீங்க."

"ஆமா."

"அக்கா மேல பழி விழுந்தப்போ ஒண்ணும் பண்ணலன்னு வேற சொன்னீங்க. நானும் கேட்டுட்டு, அக்கா காதுல விழுற மாதிரி…" அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அண்ணி, தப்பு என்னோடது. கஞ்சின்னு சந்தேகப்பட்டதும் நான்தான். உண்மை தெரிஞ்சு மூணு நாள் மறைச்சதும் நான்தான். போகாதீங்க."

அண்ணி என்னைப் பார்க்கவில்லை. டிக்கெட்டைக் கையில் எடுத்து, தூரத்தில் பிடித்து, பிறகு கிட்டத்தில் பிடித்து வாசித்தார்.

"இது அவரு கார் நம்பர் இல்ல?"

"ஆமா அண்ணி. ஒவ்வொரு வாரமும் அதான் எடுத்தேன்."

டிக்கெட்டை மேசையில் வைத்து விரலால் நீவி நேராக்கினார். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"அவரு இருக்கும்போதே அந்தக் கார் ஒருநாளும் ஒரே தட்டுல ஸ்டார்ட் ஆனதில்ல. வீதி முக்குல நின்னு தள்ளாத வாரம் கிடையாது. அதை நம்பி நீங்க போய் நம்பர் எடுத்தீங்களே தம்பி!"

மனைவிதான் முதலில் சிரித்தாள், கோபத்தோடேயே. அண்ணி சிரித்தார், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குச் சிரிக்க உரிமை இல்லை என்பதால் டீ குடித்தேன். சீனி கம்மிதான்.

அன்றே மூவரும் கீழே இறங்கி, டப்பாவை வேப்பமரத்தடியில் கவிழ்த்து ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றினோம். செக்யூரிட்டி அங்கிள் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, எதைப் புதைக்கிறோம் என்பது போல எங்களை மேலும் கீழும் பார்த்தார். அண்ணி, "ஒண்ணுமில்ல அங்கிள், தம்பியோட ராசி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கிள்ளான் போகவில்லை. அந்த ரூமை வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார். ஆனால் பெட்டியை உடனே பிரிக்கவும் இல்லை. "பார்க்குறேன்" என்றார், மூணு மாசக் கணக்கு இன்றிலிருந்து என்று. நியாயம்தான்.

இப்போது மெஷின் இலாகா அண்ணியிடம். கதவு எந்நேரமும் திறந்திருக்கிறது, மாதம் ஒருமுறை ஃபில்டர் கழுவப்படுகிறது, கழுவுகிறவன் நான். துணி போடும் நாளில் என் சட்டைகள் மட்டும் தனியாகச் சோதனைக்குப் போகும். விமான நிலையத்தில்கூட அப்படித் தடவிப் பார்ப்பதில்லை.

போன வாரம் என் பாக்கெட்டிலிருந்து ஒரு மடித்த காகிதம் வந்தது. யார்டில் நின்ற நான், குற்றமே செய்யாமல், கைகளைத் தூக்கப் போனேன். அண்ணி அதை மெதுவாகப் பிரித்தார். திருநீறு. காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பினார். கிழித்த காலண்டர் தாள்.

"இதுல நம்பர் இருக்கே தம்பி."

"தேதி அண்ணி."

"தேதியா?" என்று இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தார். நம்பினாரா என்பது தெரியவில்லை. கொஞ்சம் எடுத்து நெற்றியில் பூசிக்கொண்டார், மீதியை மடித்து என் கையில் கொடுத்தார். பிறகு என் சட்டையையும் அவருடைய கைத்தறிச் சேலை ஒன்றையும் சேர்த்தே மெஷினுக்குள் போட்டு, கதவைச் சாத்தி, பட்டனை அழுத்தினார்.

நான் நாற்காலியை இழுத்துப்போட்டேன்.